பால் ஜாயிண்ட்டும் ரப்பர் உறையும்: கார் உரிமையாளரே பார்த்துக்கொள்ளும் முறை

காரின் முன்சக்கரம் திரும்புவதும், பள்ளத்தில் இறங்கி ஏறுவதும் ஒரு சிறிய இரும்புக் குண்டை நம்பித்தான் நடக்கின்றன. அந்தக் குண்டும் அது உட்காரும் கிண்ணமும் சேர்ந்ததே பால் ஜாயிண்ட். அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து மண்ணும் தண்ணீரும் உள்ளே போனால், கிண்ணம் தேயும். தேய்ந்துகொண்டே போனால் ஒரு நாள் குண்டு வெளியே கழன்று வந்துவிடும். அப்போது சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து மட்காட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். ஸ்டீயரிங் கைக்கு அடங்காது. வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போது இது நடந்தால் இழுவை வண்டிச் செலவோடு போகும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நடந்தால் உயிரே போகலாம்.

இது பெரும்பாலும் முன்னறிவிப்போடு வரும் கோளாறு. உறை கிழிந்த மறுநாளே குண்டு கழன்று விழுவதில்லை. இடையில் கிடைக்கும் காலத்தில் யாராவது சக்கரத்தின் பின்னால் எட்டிப் பார்த்தால் போதும். அப்படிப் பார்க்க வேண்டியவர் பெரும்பாலும் காரின் உரிமையாளர்தான். நம் நாட்டில் லாரி, பேருந்து போன்ற வர்த்தக வாகனங்கள் ஆறு மாதத்திற்கு ஒரு முறை புஸ்பாகோம் போன்ற சோதனை மையங்களுக்குப் போக வேண்டும். அங்கே வண்டியின் அடிப்பகுதியும் சோதிக்கப்படுகிறது. சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்கு அந்தக் கட்டாயம் பொதுவாகப் பெயர் மாற்றும்போதுதான் வருகிறது. சாலை வரியைப் புதுப்பிக்கக் காப்புறுதி இருந்தால் போதும். ஆகவே, பத்து ஆண்டுகளாக ஒரே பெயரில் ஓடும் ஒரு சாகா அல்லது மைவியின் அடிப்பகுதியைச் சோதனை அதிகாரி ஒருவர்கூடப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மூட்டும் அதன் உறையும்

தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழியில் சுழல்வதைப் பந்து கிண்ண மூட்டு என்று பள்ளிப் பாடத்தில் படித்தவர்களுக்கு பால் ஜாயிண்ட் புதிதல்ல. இரண்டும் ஒரே அமைப்புதான். இடுப்பில் மூட்டுத் திரவம் செய்யும் வேலையை இங்கே கிரீஸ் செய்கிறது. குண்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே, பெரும்பாலான புதிய கார்களில், ஒரு பிளாஸ்டிக் அடுக்கு இருக்கும். கிரீஸ் உள்ளேயே இருக்கவும், வெளித்தூசி உள்ளே போகாமலும் காப்பது ரப்பர் உறை. பட்டறைகளில் இதை பூட் என்பார்கள். காரின் பின்பெட்டிக்கும் அதே பெயர் வழங்குவதால் இந்தக் கட்டுரையில் ரப்பர் உறை என்றே குறிப்பிடப்படுகிறது.

தோட்டத்தில் பால் சீவியவர்களுக்கு ரப்பரின் குணம் தெரியும். இயற்கை ரப்பரில் எண்ணெய் ஊறினால் அது உப்பி, பிசுபிசுத்து, வலுவிழக்கும். அதனால்தான் இந்த உறைகள் பெரும்பாலும் நியோபிரீன் போன்ற செயற்கை ரப்பரில் செய்யப்படுகின்றன. நியோபிரீன் 1930களில் விற்பனைக்கு வந்தது. கிரீஸையும் வெயிலையும் ஓரளவு தாங்கும். ஆனால் அதுவும் சாகாவரம் பெற்றதல்ல. வெயிலும் இஞ்சின் சூடும் நாளடைவில் அதைக் காய வைக்கின்றன. மடிப்புகளில் முதலில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். பிறகு ஒரு மடிப்பு வாய் திறக்கும். தோட்டத்து மண்சாலையில் தெறிக்கும் சரளைக்கல் அந்த வேலையை இன்னும் சீக்கிரம் முடித்துவிடும்.

கிழிந்த உறைக்குள் புகுந்த செம்மண், கிரீஸோடு கலந்து உப்புத்தாளைப் போல உராயத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் தேய்ந்துபோனது திரும்பி வராது. உறை மட்டும் கெட்டிருக்கும்போதே பார்த்துவிட்டால் செலவு சிறிது.

எந்த வண்டியில் எங்கே இருக்கும்

சாகா, மைவி, கஞ்சில் போன்ற சிறிய கார்களின் முன்பக்கத்தில், ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே ஒரு பால் ஜாயிண்ட் இருக்கும். சக்கரத்தையும் லோவர் ஆர்ம் எனப்படும் கீழ்க்கையையும் இணைப்பது அதுதான். இவ்வகைக் கார்களில் வண்டியின் எடை ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் சேர்ந்த தூண் வழியாக மேலே போகிறது. கீழ் ஜாயிண்ட் எடையைச் சுமப்பதில்லை. ஆனால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் ஏற்படும் இழுப்பை அதுதான் தாங்குகிறது.

ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைடன் போன்ற பிக்கப் வண்டிகளில் மேல்கை, கீழ்க்கை என இரண்டு இருப்பதால் பக்கத்துக்கு இரண்டு பால் ஜாயிண்ட்கள் இருக்கும். இவற்றில் ஸ்பிரிங்கின் பளு கீழ்க்கையின் மேல் விழுவதால், வண்டியின் எடையும் கீழ் ஜாயிண்ட்டுக்கு வருகிறது. தோட்டத்தில் உரமூட்டையும் ஆட்களும் ஏற்றிப் போகும் பிக்கப்பில் இந்த ஜாயிண்ட்டை அடிக்கடி பார்க்க வேண்டும்.

ஸ்டீயரிங் திரும்பும்போது சக்கரத்தைத் தள்ளி இழுக்கும் கம்பியின் முனையிலும் இதேபோன்ற ஒரு சிறிய குண்டு உண்டு. அதன் பெயர் டை ரோட் எண்ட். அதற்கும் ரப்பர் உறை இருக்கும். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளிலும் டிராக்டர்களிலும் முன்சக்கரம் பால் ஜாயிண்ட்டுக்குப் பதிலாக, கிங் பின் போன்ற தடித்த ஊசியில் திரும்பும். ஆனால் அவற்றின் ஸ்டீயரிங் கம்பிகளில் குண்டு முனைகள் உண்டு. அவற்றை இதே முறையில்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் கண்ணால் பார்ப்பது

வண்டியைத் தூக்காமலே பாதிச் சோதனையை முடிக்கலாம். சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, ஸ்டீயரிங்கை முழுமையாக ஒரு பக்கம் திருப்பி, இஞ்சினை அணைத்துவிட வேண்டும். வெளியே திரும்பி நிற்கும் சக்கரத்தின் பின்னால் டார்ச் லைட் அடித்துப் பார்த்தால் கீழ்க்கையின் நுனியில் கருப்புக் கிண்ணம் போன்ற உறை தெரியும். பிறகு ஸ்டீயரிங்கை மறுபக்கம் திருப்பி அடுத்த சக்கரத்தைப் பார்க்கலாம்.

நல்ல உறை முழுதாக, மென்மையாக, வெளியே காய்ந்து இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே கிரீஸ் இருப்பது தெரியும். மடிப்புகளில் வெடிப்பு, ஓரத்தில் கிரீஸ் கசிவு, உறையைப் பிடித்திருக்கும் வளையம் கழன்றிருப்பது, உறை தட்டையாகச் சுருங்கியிருப்பது ஆகியவை எச்சரிக்கைகள். உறையைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் துரு கசிந்திருந்தால் தண்ணீர் ஏற்கனவே உள்ளே போய்விட்டது என்று பொருள்.

வெள்ளத்தில் நின்ற காருக்கு இந்தச் சோதனை கட்டாயம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் சுற்று வட்டாரங்களிலும் கார்கள் மூழ்கிக் கிடந்தன. அப்படிப்பட்ட வண்டிகளில் இருக்கையையும் இஞ்சினையும் பார்ப்பவர்கள் இந்த உறைகளை மறந்துவிடுவது உண்டு. சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால் உறைகளைப் பார்க்க வேண்டும். கசியும் கிரீஸ் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துவிட்டது. பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

ஜேக் போட்டு ஆட்டிப் பார்ப்பது

அடுத்தது ஆட்டம் இருக்கிறதா என்ற சோதனை. இதற்குச் சக்கரம் தரையை விட்டு எழ வேண்டும். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டிக் கையேடு காட்டும் இடத்தில் ஜேக் வைத்துத் தூக்கி, உடனே ஜேக் ஸ்டேண்டில் இறக்க வேண்டும். ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டக் கூடாது. மழையில் ஊறிய மண்தரையில் இந்த வேலையே வேண்டாம்; சிமெண்டுத் தரைதான் பாதுகாப்பு.

சிறிய கார்களில் சக்கரம் தானாகத் தொங்கும்படி, உடல் பகுதியில் ஸ்டேண்ட் கொடுக்கலாம். ஹைலக்ஸ் வகைப் பிக்கப்பில் கீழ்க்கைக்கு அடியிலேயே, ஜாயிண்ட்டுக்குப் பக்கமாகத் தாங்கு கொடுக்க வேண்டும். அப்போதுதான் ஸ்பிரிங்கின் அழுத்தம் ஜாயிண்ட்டை விட்டு விலகும். அழுத்தம் இருக்கும்வரை தேய்ந்த ஜாயிண்ட்கூட இறுக்கமாகத் தெரியும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு, 12 மணி இடத்தில் ஒரு கையும் 6 மணி இடத்தில் ஒரு கையும் வைத்து, மேலே தள்ளும்போது கீழே இழுத்து, மாறி மாறி ஆட்ட வேண்டும். 'டொக்' என்ற சத்தமோ அசைவோ இருந்தால் அது பால் ஜாயிண்ட்டாகவும் இருக்கலாம், சக்கர பேரிங்காகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. இன்னொருவரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மீண்டும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் மறைந்தால் கோளாறு பேரிங்கில். அப்படியே இருந்தால் பால் ஜாயிண்ட்டைச் சந்தேகிக்கலாம்.

பிறகு 9 மணி, 3 மணி இடங்களில் பிடித்து ஆட்ட வேண்டும். அந்தத் திசையில் மட்டும் ஆட்டம் இருந்தால் டை ரோட் எண்ட் அல்லது ஸ்டீயரிங் ரேக் பக்கம் பார்க்க வேண்டும். டை ரோட் எண்ட்டைச் சோதிக்க இன்னொரு முறையும் உண்டு. வண்டி தரையில் நிற்கும்போது ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிது சிறிதாக இடமும் வலமும் அசைக்க, மற்றவர் கம்பியின் முனையைப் பார்க்க வேண்டும். கம்பி அசைந்த பிறகு சற்றுத் தாமதித்துச் சக்கரம் அசைந்தால் அந்த முனை தேய்ந்துவிட்டது.

கடைசியாக நெம்புகோல் சோதனை. கீழ்க்கைக்கும் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக்கும் நடுவே நீண்ட கம்பியைக் கொடுத்து மெதுவாக நெம்பினால், தேய்ந்த ஜாயிண்ட்டில் இடைவெளி திறந்து மூடுவது கண்ணுக்குத் தெரியும். கம்பி உறையின் மேல் படக் கூடாது. நல்ல உறையைச் சோதனையே கிழித்துவிடும். எவ்வளவு ஆட்டத்தை ஏற்கலாம் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் கையேட்டில் தருகிறார்கள். எடை தாங்காத சிறிய கார் ஜாயிண்ட்டில், கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தாலே மாற்றிவிடுவது நல்லது.

ஓட்டும்போது தெரியும் அறிகுறிகள்

சாலை மேட்டில் மெதுவாக ஏறி இறங்கும்போது முன்னால் 'டொக் டொக்' சத்தம், நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பும்போது கதவுக் கீல் போல முனகல், நேர்சாலையில் வண்டி தானாக ஒரு பக்கம் அலைவது, முன் டயரின் உள் ஓரம் மட்டும் வழுக்கையாவது ஆகிய நான்கும் பொதுவான அறிகுறிகள். முனகல் பெரும்பாலும் கிரீஸ் வற்றியதைக் காட்டும். 'டொக்' சத்தம் தேய்மானத்தைக் காட்டும். ஆனால் ஸ்டெபிலைசர் லிங்க், அப்சோர்பரின் மேல் ரப்பர், கீழ்க்கையின் புஷ் ஆகியவையும் இதே சத்தங்களைத் தரும். சத்தத்தை மட்டும் கேட்டுப் பொருளை மாற்றினால் பணம் வீணாகலாம். ஆட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

நிப்பிள் இருந்தால் கிரீஸ் அடிப்பது

லாரி, டிராக்டர், பழைய பிக்கப் ஆகியவற்றிலும், கடையில் வாங்கும் சில மாற்று ஜாயிண்ட்களிலும் கிரீஸ் நிப்பிள் இருக்கும். அங்கே வேலை எளிது. ஆனால் வரிசை முக்கியம்.

1. நிப்பிளையும் அதைச் சுற்றிய இடத்தையும் துணியால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் நுனியில் ஒட்டிய மண் கிரீஸோடு உள்ளே போகும்.

2. பெரும்பாலான வண்டிகளுக்கு லித்தியம் அடிப்படையிலான, என்.எல்.ஜி.ஐ. 2 தரத்துக் கிரீஸ் பொருந்தும். டப்பாவில் இ.பி. என்று இருந்தால் கடும் அழுத்தம் தாங்கும் வகை. கையேடு வேறு வகை சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும். கையில் கிடைத்த இரண்டு வகைகளைக் கலக்கக் கூடாது. ஒன்றோடொன்று சேராத கிரீஸ்கள் கலந்தால் இளகி ஒழுகிவிடும்.

3. கை பம்பில் மெதுவாக, ஒவ்வோர் அழுத்தமாக அடிக்க வேண்டும். ஓர் அழுத்தத்துக்கு ஏறக்குறைய ஒரு கிராம் கிரீஸ் வரும். ஒரு கண் உறையின் மேலேயே இருக்கட்டும்.

4. சில உறைகளில் பழைய கிரீஸ் வெளியேற வழி இருக்கும். அவற்றில் புதிய, சுத்தமான கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்கலாம். முழுவதும் மூடிய உறை சற்று உப்பியதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் அடித்தால் உறை வெடிக்கும். காக்கப் போன வேலை கெடுத்துவிடும்.

5. வெளியே வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அதில் மண் அப்பிக்கொள்ளும்.

கிரீஸ் உள்ளே ஏறாவிட்டால் பலத்தைக் கூட்டக் கூடாது. சக்கரத்தைத் தூக்கி எடையை விலக்கி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பிவிட்டு மீண்டும் முயலலாம். அப்போதும் ஏறாவிட்டால் நிப்பிள் அடைத்திருக்கலாம். அதைக் கழற்றிப் புதியதைப் போடுவது மலிவான தீர்வு. கை பம்பின் நுனியில் பல ஆயிரம் பி.எஸ்.ஐ. அழுத்தம் உண்டாகும் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் கிரீஸ் விரலுக்குள் புகுந்தால் வெளியே சிறு புள்ளி போலத்தான் தெரியும். உள்ளே சதை அழுகத் தொடங்கும். வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நிப்பிள் இல்லாத ஜாயிண்ட்

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் ஜாயிண்ட் மூடி அடைத்தே வருகிறது. அதன் ஆயுளுக்கான கிரீஸை தொழிற்சாலையிலேயே நிரப்பியிருப்பார்கள். ஊசியால் உறையைக் குத்திக் கிரீஸ் ஏற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. முனகல் சில நாள் நிற்கும். ஆனால் ஊசி போட்ட துளையே தண்ணீருக்கு வழியாகிவிடும்.

உறை அண்மையில்தான் கிழிந்தது, உள்ளே கிரீஸ் இன்னும் சுத்தமாக இருக்கிறது, ஆட்டமும் இல்லை என்றால், சில வண்டிகளுக்கு உறையை மட்டும் வாங்கி மாற்றலாம். பழைய கிரீஸை முழுவதும் துடைத்து, புதியதை நிரப்பி, வளையத்தைச் சரியாக உட்கார வைக்க வேண்டும். துடைக்கும்போது விரலில் மணல் நெருடினாலோ துரு நிறம் தெரிந்தாலோ உறையை மட்டும் மாற்றுவது பயனற்றது; ஜாயிண்ட்டையே மாற்ற வேண்டும். சில கார்களில் ஜாயிண்ட் தனியாகக் கிடைக்காது. கீழ்க்கையோடு சேர்த்துத்தான் மாற்ற முடியும்.

டிரைவ் ஷாஃப்ட் உறை

சாகா, மைவி போன்ற கார்களில் இஞ்சினின் சக்தி முன்சக்கரங்களுக்குப் போகிறது. அந்தத் தண்டின் இரு முனைகளிலும் விசிறி மடிப்பு போன்ற பெரிய உறைகள் இருக்கும். அவற்றுக்குள் இருப்பது சி.வி. ஜாயிண்ட், அது வேறு பொருள், ஆனால் கதை ஒன்றே. இந்த உறை கிழிந்தால் சுழற்சியில் கிரீஸ் வீசியடித்து, ரிம்மின் உள்பக்கத்தில் கருப்பாக அப்பியிருக்கும். முழுதாகத் திருப்பிக்கொண்டு வண்டியை நகர்த்தும்போது 'டக் டக் டக்' என்று கேட்டால் உள்ளே தேய்மானம் தொடங்கிவிட்டது. சத்தம் வருவதற்கு முன்பே உறையை மாற்றினால் தண்டு பிழைக்கும். இதற்கு மோலிப்டினம் கலந்த கருப்புக் கிரீஸ் தேவை. உறையோடு ஒரு பொட்டலமாகவே பெரும்பாலும் அது கிடைக்கும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

ஜாயிண்ட் போய்விட்டது என்று ஃபோர்மேன் சொன்னால், வண்டி தூக்கியிருக்கும்போதே சக்கரத்தை ஆட்டிக் காட்டச் சொல்லலாம். நேர்மையாக வேலை செய்பவர் இதற்குக் கோபப்பட மாட்டார். மாற்றிய பிறகு பழைய பொருளைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். குண்டின் காம்பு தானாகச் சாய்ந்து விழும் அளவுக்குத் தளர்ந்திருந்தால் அதை மாற்றியது சரியே.

பழைய ஜாயிண்ட்டை மீண்டும் பயன்படுத்தப் போகிற வேலையாக இருந்தால், உதாரணமாக டிரைவ் ஷாஃப்ட்டைக் கழற்றும்போது, பிளவு பட்ட கவை போன்ற கருவியைச் சுத்தியலால் அடித்து ஜாயிண்ட்டைப் பிரிப்பது உறையைக் கிழித்துவிடும். திருகி இழுக்கும் கருவியைப் பயன்படுத்தச் சொல்லலாம். முன்சக்கரப் பகுதியில் எந்த வேலை முடிந்தாலும் உறைகளை ஒரு முறை பார்த்துவிட்டு வண்டியை எடுப்பது நல்ல பழக்கம். நட்டின் குறுக்கே ஸ்பிலிட் பின் இருக்க வேண்டிய வண்டியில் புதிய பின் போட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஜாயிண்ட், கீழ்க்கை, டை ரோட் எண்ட் ஆகியவற்றில் எதை மாற்றினாலும் பிறகு அலைன்மெண்ட் பார்ப்பது அவசியம். இல்லையென்றால் புதிய டயர் சில மாதங்களில் ஓரம் தேய்ந்துவிடும்.

எப்போது பார்ப்பது

இஞ்சின் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் உறைகளைக் கண்ணால் பார்ப்பது எளிய வழக்கம். தோட்டச் சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு மாதம் ஒரு முறை தேவை. நிப்பிள் உள்ள வண்டிகளுக்குக் கிரீஸ் அடிக்கும் இடைவெளியைக் கையேடு சொல்லும். டிராக்டர்களுக்கு அது கிலோமீட்டரில் இல்லாமல் இஞ்சின் ஓடிய மணி நேரத்தில் இருக்கும். சேற்றில் இறங்கிய நாளின் முடிவில் கிரீஸ் அடிப்பது உள்ளே நுழைந்த தண்ணீரை வெளியே தள்ளும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது குழாயை உறையின் அருகே நேராகப் பிடிக்கக் கூடாது. அடிப்பகுதியை டீசல் ஊற்றிக் கழுவுவதும் ரப்பருக்கு நல்லதல்ல.

தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிட்டால், பொருள் வாங்கவும் பட்டறையில் இடம் கிடைக்கவும் நேரம் இருக்கும். உறையில் வெடிப்பு மட்டும் இருந்தால் சில நாள்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். ஆட்டத்தோடு சத்தமும் இருந்தால் பட்டறைக்கு மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்கக் கூடாது. அந்த வண்டியை நிறுத்திவிட்டு, ஃபோர்மேனை வீட்டுக்கு அழைக்கலாம். அல்லது இழுவை வண்டியில் அனுப்பலாம்.